ஒரு சொட்டு கூடினால்...



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று மாணவர் பேரவைச் செயலாளர் இரண்டு வாரமாக என்னை விரட்டிக் கொண்டிருந்தார். கவிதை எனக்கு வராது. சிறுகதை எழுத கெமிக்கல்காரனுக்கு ஏது நேரம்? ரெக்கார்டு நோட் எழுதி முடிப்பதற்குள்ளேயே செமஸ்டர் முடிந்துவிடுகிறது. யோசித்துப் பார்த்தேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வாசனை கலப்பது. அதாவது சர்பத்துக்கு எசன்ஸ் கலப்பது. அதைப் பற்றியே எழுதுகிறேன். அதோடு சேர்த்து, இந்த வருடம் எங்கள் ஹாஸ்டலில் நடந்த ஒரு விஷயத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்ட நண்பனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதடா மாப்ளே" என்றான். போடவில்லை.

எங்கள் அம்மா கோடைக்காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்பத் வண்டி போடுவார்கள். நன்னாரி சர்பத்தும் எலுமிச்சை சர்பத்தும்தான். நான் டிப்ளமோவில் சேர்ந்த முதல் வருடம், ஆர்கானிக் லேபில் எஸ்டர் தயாரித்தோம். ஐசோஅமைல் ஆல்கஹாலையும் அசிட்டிக் அமிலத்தையும் கொஞ்சம் கந்தக அமிலம் விட்டுச் சூடாக்கினால், லேப் முழுக்க வாழைப்பழ வாசனை! ஐசோஅமைல் அசிடேட். பழம் இல்லாமலே பழ வாசனை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது. (ஒரு எச்சரிக்கை: லேபில் செய்ததை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. அது உணவுக்கான தரத்தில் செய்தது அல்ல. எங்கள் பேட்ச்சில் ஒருவன் வைத்துப் பார்க்கப் போய் லேப் சாரிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் ஒலிக்கிறது.)

லீவுக்கு வீட்டுக்குப் போனதும் மளிகைக் கடையில் அன்னாசி, ரோஜா, வெனிலா, ஆரஞ்சு என்று நாலு எசன்ஸ் பாட்டில் வாங்கினேன். அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு லிட்டர் நன்னாரிப் பாகை எடுத்து, நாலிலும் தாராளமாக ஊற்றிக் கலக்கினேன். புது ஃப்ளேவர், புது வியாபாரம், நாளைக்கே பஸ் ஸ்டாண்டு முழுக்க நம்ம பேர்தான் என்று கனவு.

அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்தார்கள். துப்பவில்லை. அதுவே பெரிய விஷயம். "என்னடா இது, ஊதுவத்தியக் கரைச்ச மாதிரி இருக்கு" என்றார்கள். அப்புறம் ஒன்று சொன்னார்கள். "வாசம்னா வந்துட்டுப் போகணும்டா. வந்து உக்காந்துக்கக் கூடாது."

இரண்டு லிட்டர் பாகு சாக்கடைக்குப் போனது. ஒன்றேகால் கிலோவுக்கு மேல் சர்க்கரை. அம்மா திட்டவில்லை, அன்றைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் வண்டியில் நின்றார்கள். அதுதான் எனக்கு விழுந்த அடி.

* * *

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். புதிதாக ஆரம்பிக்க நினைக்கும் நண்பர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பாகு. ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர். இது நூற்றுக்கு 66 பங்குக்குச் சற்று மேல் சர்க்கரை. இந்த அடர்த்தியில் பாகு சீக்கிரம் கெடாது. கொதித்து இறக்கும்போது அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால், பாகு பிறகு கற்கண்டு கட்டாது. சர்க்கரையில் ஒரு பகுதியை அமிலம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக உடைத்து விடுவதால்தான் இப்படி. நாம் வைவாவில் திக்கித் திக்கிச் சொல்லும் இன்வர்ஷன்தான் அது.

நன்னாரி வேரை நன்றாகக் கழுவி, தட்டி, நடுவில் இருக்கும் கட்டையை எடுத்துப் போட்டுவிட வேண்டும். வாசனை எல்லாம் தோலில்தான். வெந்நீரில் ராத்திரி முழுக்க மூடி வைத்து ஊறப் போட வேண்டும். வேரைப் போட்டுத் தளதளவென்று கொதிக்க விட்டால் வீடு முழுக்க மணக்கும், சர்பத்தில் மணக்காது. மணம் ஆவியாகப் போய்விட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது, எசன்ஸை ஒவ்வொன்றாகத் தனியே தெரிந்து கொள்ளுங்கள். வெறும் பாகில், தண்ணீர் கலந்து, குடிக்கும் பதத்தில் சுவைத்துப் பாருங்கள். பாட்டிலை முகர்ந்து பார்ப்பது வேறு, டம்ளரில் குடிப்பது வேறு. ஐஸ் போட்டால் வாசனையும் இனிப்பும் குறைவாகத் தெரியும். ஆகவே எப்படி விற்கப் போகிறீர்களோ அப்படியே குடித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள். இருபது சொட்டு ஒரு மில்லி என்பது தண்ணீருக்குச் சரி. ஆல்கஹால் கலந்த எசன்ஸின் சொட்டு அதைவிடச் சின்னது. ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி: 1 மில்லி எசன்ஸை 9 மில்லி பாகில் கலந்து வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுப்பது. கை தவறிக் கொஞ்சம் கூடினாலும் பத்தில் ஒரு பங்குதான் கூடும். லேபில் ஸ்டாண்டர்ட் சொல்யூஷனை டைல்யூட் செய்கிறோமே, அதே வேலை.

நான்காவது, எழுதி வையுங்கள். தேதி, அளவு, யார் குடித்தார்கள், என்ன சொன்னார்கள். ரெக்கார்டு நோட்டை நான் காப்பி அடித்திருக்கிறேன்; இந்த நோட்டை மட்டும் ஒரு நாளும் காப்பி அடித்ததில்லை.

ஐந்தாவது, ஒரு நாள் பொறுங்கள். கலந்தவுடன் குத்தும் வாசனை மறுநாள் அடங்கியிருக்கும். கலந்த அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூக்கும் சீக்கிரம் களைத்துப் போகும். நாலு முகர்ந்ததும் வெளியே போய் நின்று, சட்டைக் கையை முகர்ந்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, மூன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். நாலு எசன்ஸ் சேர்ந்தால் நாலும் தெரியாது, ஊதுவத்திதான் தெரியும். சொன்னேனே!

இப்படி ஒரு வருடம் தட்டுத் தடுமாறி ஒரு கலவை பிடித்தேன். நன்னாரியோடு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வெனிலா. என்ன ஒரு பொருத்தம்! பிறகுதான் படித்தேன். நன்னாரி வேரின் மணத்துக்கு முக்கியக் காரணமான பொருளும் வெனிலாவின் வெனிலினும் ஐசோமர்களாம். இரண்டிலும் கார்பன் 8, ஹைட்ரஜன் 8, ஆக்ஸிஜன் 3. அணுக்கள் ஒன்றே, உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு. அண்ணன் தம்பி மாதிரி. அந்தக் கோடையில் அம்மா வண்டியில் அது போணியானது. "இந்த வருஷம் வேர் நல்ல வேரோ?" என்று ஒரு டிரைவர் அண்ணன் கேட்டாராம். அம்மா சிரித்துக்கொண்டே, "பையன் படிக்கிறான்ல" என்றார்களாம்.

நண்பர்களே, எனக்குக் கிடைத்த டிஸ்டிங்ஷன் அதுதான்.

* * *

இனி ஹாஸ்டல் கதை.

நான் கலப்பதில் கெட்டிக்காரன் என்று ஹாஸ்டலில் பேர் பரவிவிட்டது. என் ரூம்மேட் மெக்கானிக்கல். தங்கமான பையன். ஒரு குறை, சிகரெட். முதல் வருடம் ஒன்று இரண்டாக ஆரம்பித்தது, மூன்றாம் வருடத்தில் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஆகிவிட்டது. விட வேண்டும் என்று அவனுக்கும் ஆசைதான். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அவனிடம் ஒரு மின் சிகரெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பேனாவைவிடக் கொஞ்சம் தடிமன். உள்ளே பேட்டரி, சின்னக் கம்பிச் சுருள், பஞ்சு, அந்தப் பஞ்சை நனைக்கும் திரவம். கம்பி சூடாகி, திரவம் ஆவியாகி, அதை இழுப்பது. 2003-ல் சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளுநர் உருவாக்கிய வகையின் வாரிசு.

கொண்டு வந்த திரவம் பத்து நாளில் தீர்ந்தது. ஒரு ராத்திரி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான்.

"மாப்ளே, இந்த லிக்விட்ல என்ன இருக்கு தெரியுமா? கிளிசரின், ப்ரொபிலீன் கிளைகால், ஃப்ளேவர், கொஞ்சம் நிகோடின். நிகோடின் எனக்கு வேணாம்டா, அதை விடத்தானே பாக்குறேன். மத்தது எல்லாம் உன் அலமாரியிலயே இருக்கு. ஒரு மாம்பழ ஃப்ளேவர் போட்டுக் குடேன்."

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. "இவ்ளோதானா? சனிக்கிழமை ரெடி" என்று சொல்லிவிட்டேன். மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின்கூட வாங்கி வந்தேன். நோட்டின் பின்பக்கம் சதவீதக் கணக்குப் போட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்கு ஒரே தடவையில் சரியாக வந்தது!

எசன்ஸ் பாட்டிலைக் கையில் எடுத்தபோது லேபிளைப் பார்த்தேன். உணவில் சேர்ப்பதற்கு என்று இருந்தது. நூறு தடவை பார்த்த லேபிள்தான். அன்றைக்குத்தான் இண்டஸ்ட்ரியல் சேஃப்டி பாடம் நினைவுக்கு வந்தது. ஒரு ரசாயனம் உடம்புக்குள் போகும் வழிகள்: வாய், தோல், சுவாசம். மூன்றுக்கும் அளவு வேறு, விளைவு வேறு. பரீட்சைக்கு எழுதி ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். வாங்கி என்ன செய்ய?

திங்கட்கிழமை லேப் சாரிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். "சார், சாப்பிடக்கூடிய பொருளை ஆவியா இழுத்தா என்ன சார் ஆகும்?" சார் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை. "பாப்கார்ன் சாப்பிடுவியா?" என்றார். பிறகு சொன்னார்.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தொழிற்சாலை ஒன்று. அதில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு ஒரே மாதிரி நுரையீரல் நோய் வந்திருப்பது 2000-ல் அந்த மாநிலச் சுகாதாரத் துறையின் கவனத்துக்கு வந்தது. நுரையீரலின் மிகச் சின்னக் காற்றுக் குழாய்கள் தழும்பாகி அடைத்துக் கொள்கிற நோய். வந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆராய்ந்து பார்த்ததில் கை காட்டியது வெண்ணெய் வாசனை தரும் ஃப்ளேவர். அதில் முக்கியமானது டைஅசிடைல். அந்தப் பாப்கார்னைச் சாப்பிட்டதால் அந்த நோய் வரவில்லை. தொழிற்சாலையில் அந்த ஃப்ளேவரின் ஆவியை நாள் கணக்கில் சுவாசித்தவர்களுக்குத்தான் வந்தது.

"வயித்துக்கு அமிலம் இருக்கு, கல்லீரல் இருக்கு. எதையும் ஒரு வழி பண்ணி அனுப்பிடும். நுரையீரலுக்கு என்னடா இருக்கு? சவ்வுதான் இருக்கு" என்றார் சார்.

அன்று மாலை லைப்ரரியில் உட்கார்ந்து மேலும் படித்தேன். ஃப்ளேவருக்குக் கொடுக்கப்படும் பாதுகாப்புச் சான்று சாப்பிடுவதற்கு மட்டுமே. இழுப்பதற்கு அது பொருந்தாது. ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரி எசன்ஸ் சிலவற்றில் எண்ணெய் இருக்கும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். சர்க்கரை கலந்திருந்தால் கம்பிச் சுருளில் கருகும். கிளிசரினே கூட, அளவு மீறிச் சூடானால் அக்ரோலின் என்ற எரிச்சலூட்டும் பொருளாக உடையும். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்கிறதே, அதே சரக்கு!

2019-ல் அமெரிக்காவில் மின் சிகரெட் இழுத்தவர்கள் கூட்டம் கூட்டமாக நுரையீரல் பாதிப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை கணக்கில் வந்தது 2,807 பேர். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கள்ளத்தனமாகக் கிடைத்த கஞ்சாச் சத்துத் திரவங்கள். அவற்றில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். வைட்டமின் ஈ! மாத்திரையாக விழுங்குகிறோம், முகத்துக்கும் பூசிக் கொள்கிறோம். வழி மாறியதும் எமனாகிவிட்டது.

இன்னொன்றும் தெரிந்தது. 2019-ல் வந்த மத்தியச் சட்டப்படி நம் நாட்டில் மின் சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது, இருப்பு வைப்பது எல்லாமே குற்றம். தயாரித்தால் முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பெனி இன்டர்வியூவுக்குப் போக வேண்டிய நேரத்தில் கோர்ட்டுக்குப் போக நான் தயாரில்லை.

ரூமுக்குப் போய், "என்னால முடியாதுடா" என்றேன். காரணம் எல்லாம் சொன்னேன்.

அவன் காதில் ஏறவில்லை. "சிகரெட் குடிச்சா மட்டும் நுரையீரல் பளபளன்னு இருக்குமா? நான் திருந்தலாம்னு பாக்குறேன், நீ பாடம் எடுக்குற" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் நாங்கள் பேசிக் கொள்ளவில்லை. ஒரே ரூம், ஒரே ஃபேன். பேச்சு மட்டும் கிடையாது.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். முடியாது என்று சொன்னவன், அந்தக் கிளிசரினையும் எசன்ஸையும் அலமாரியில் அப்படியே வைத்திருந்தேன். பூட்டவில்லை.

எட்டாவது நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். இருமல் சத்தம் கேட்டு விழித்தேன். அவன் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். மூச்சு விசில் மாதிரி வந்தது. மேஜை மேல் என் ஆரஞ்சு எசன்ஸ் பாட்டில் திறந்து கிடந்தது. வார்டன் சாரை எழுப்பி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நெபுலைசர் வைத்தார்கள். விடிகிற நேரத்தில்தான் மூச்சு சீரானது. அது எசன்ஸாலா, மூன்று வருடச் சிகரெட்டாலா, இரண்டும் சேர்ந்தா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. "எதுவானா என்ன, ரெண்டையும் விடு" என்றார்.

அன்று காலை வார்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அம்மா சொன்னதுதான் மனதில் ஓடியது. வாசம் வந்துட்டுப் போகணும். டம்ளரில் போட்ட வாசனை வந்துவிட்டுப் போய்விடும். இது உள்ளே போய் உட்கார்ந்து கொள்கிறதே!

* * *

அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறான். அந்தக் கருவியை அவனே மெக்கானிக்கல் ஒர்க்ஷாப்பில் வைத்துச் சுத்தியால் அடித்து நசுக்கினான். மூன்று வருடத்தில் அவன் ஒழுங்காகச் செய்த ஒரே ஃபோர்ஜிங் ஜாப் என்று எல்லோரும் கேலி செய்தோம். (நண்பர்களே, யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அவன் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் அடித்தான்.)

"நான் திருந்தலாம்னு பாக்குறேன்" என்று அவன் சொன்னதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை என்றேன் அல்லவா? தேடிக் கண்டுபிடித்தேன். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் ஒன்று உண்டு: 1800-11-2356. கூப்பிட்டுக் கொடுத்தேன். முதல் இரண்டு தடவை பேசாமல் வைத்துவிட்டான். மூன்றாவது தடவை பேசினான். டாக்டர் சொன்னபடி நிகோடின் கம் மென்றான். இடையில் ஒரு தடவை அரியர் ரிசல்ட் வந்த அன்று வழுக்கி விழுந்தான். மறுபடி எழுந்தான். இந்தக் கட்டுரை எழுதும் இன்றைக்கு எழுபத்து மூன்றாவது நாள். ரூம் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணிக் கொண்டு வருகிறான். வார்டன் சார் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுகிறார்.

கை பரபரத்தால் மெல்வதற்கு ஏலக்காய் கொடுக்கிறேன். போன மாதம் அவனுக்காகவே ஒரு சர்பத் கலந்தேன். நன்னாரி, எலுமிச்சை, துளி இஞ்சிச் சாறு. எசன்ஸ் எதுவும் இல்லை. குடித்துவிட்டு, "காரம் கொஞ்சம் தூக்கலா இருக்குடா, ஆனா நல்லாருக்கு" என்றான். நோட்டில் எழுதி வைத்தேன்: இஞ்சி பாதியாகக் குறைக்கவும்.

நண்பர்களே, கலக்கிப் பாருங்கள். நம் படிப்பு கையில் இருக்கிறது என்று தெரிவதே ஒரு சந்தோஷம். நாக்குக்கு எது, மூக்குக்கு எது, நுரையீரலுக்கு எது என்று மட்டும் கேட்டுவிட்டுக் கலக்குங்கள். நுரையீரலுக்கு என் பதில் ஒன்றுதான்: காற்று. அதில் ஃப்ளேவர் வேண்டாம்.

ஊருக்கு வரும்போது எங்கள் வண்டிக்கு வாருங்கள். முதல் டம்ளருக்குக் காசு வாங்க மாட்டோம். இரண்டாவது டம்ளருக்கு அம்மா கட்டாயம் வாங்குவார்கள்!



— மூன்றாம் ஆண்டு கெமிக்கல் மாணவன்